பழைய லீவர் ரைஃபிள்களால் சிங்கம், புலி போன்ற பெரிய விலங்குகளை உண்மையிலேயே வேட்டையாட முடிந்ததா?

முடிந்தது. ஆனால், விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை (லீவர்) இறக்கி மூடி அடுத்த தோட்டாவை ஏற்றும் இந்த வகைத் துப்பாக்கிகள் எல்லாவற்றாலும் முடியவில்லை. எல்லா விலங்குகளிடமும் அவை செல்லுபடியாகவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் திரைப்படங்களில் குதிரை வீரர்கள் வைத்திருக்கும் 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் நிறுவன ரைஃபிளை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். அந்தத் துப்பாக்கியைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் நியாயமானது. அதன் .44-40 தோட்டாவில் (முதல் எண் ஏறத்தாழ அங்குலத்தில் குண்டின் விட்டம், அடுத்தது மருந்தின் அளவு) 40 கிரெயின் கருமருந்தும், 200 கிரெயின், அதாவது சுமார் 13 கிராம் எடையுள்ள ஈயக் குண்டும்தான் இருந்தன. ரிவால்வரிலும் போட்டுச் சுடக்கூடிய தோட்டா அது. அதைவிடப் பெரியதைத் தாங்கும் வலு அதன் உள்ளமைப்புக்கு இல்லை. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டை, முழங்காலை நீட்டி முட்டுக்கொடுப்பதுபோல, இரண்டு மூட்டிணைப்புகள் மட்டுமே தாங்கி நின்றன. 1876ஆம் ஆண்டு மாதிரி அதே முழங்காலைப் பெரிதாக்கிச் செய்தது. அதன் .45-75 தோட்டாவைக் கொண்டு பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் 1884இல் பிக்ஹார்ன் மலைகளில் கிரிஸ்லி கரடியைச் சுட்டார் என்றாலும், அமெரிக்க இராணுவத்தின் நீளமான .45-70 தோட்டா அதற்குள் நுழையாது.

உண்மையான மாற்றம் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங்கிடமிருந்து வந்தது. அவர் வின்செஸ்டருக்காக வடிவமைத்த 1886ஆம் ஆண்டு மாதிரியில், லீவரை மூடும்போது போல்ட்டின் இரு பக்கமும் இரண்டு எஃகுத் தண்டுகள் செங்குத்தாக ஏறிப் பூட்டிக்கொள்ளும். வெடிப்பின் உதைப்பு முழுவதையும் அவை சட்டகத்தின் மீது இறக்கிவிடுவதால் .45-70, .45-90, .50-110 ஆகிய தோட்டாக்களை அச்சமின்றிச் சுட முடிந்தது. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. குழலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் குண்டு முன்னுள்ளதன் பிரைமரை, அதாவது அடிப்பகுதியில் அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, தொட்டுக்கொண்டிருக்கும். குண்டின் நுனி கூராக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் அது பிரைமரைக் குத்தித் துப்பாக்கிக்குள்ளேயே வெடிக்கக்கூடும் என்பதால் மொண்ணைக் குண்டுகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது.

பிரௌனிங்கின் 1895ஆம் ஆண்டு மாதிரி அந்தக் குழாயையே கைவிட்டு, தோட்டாக்களை விசைக்கு முன்னுள்ள பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. 1904இல் அதற்கென்றே வந்த .405 தோட்டா, 300 கிரெயின் குண்டை நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் ஒரு முதிய சேகரிப்பாளரின் வீட்டில் அத்தகைய ரைஃபிளை இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. லீவரைத் தாழ்த்தியதும் விசையும் அதனுடனேயே இறங்கிவர, போல்ட் பின்னோக்கி நீண்டு என் மூக்கருகில் வந்து நின்றது. தோளில் அணைக்கும் மரக்கட்டை தாழ்வாக வளைந்திருப்பதால் சுடும்போது அதன் உதை தோளோடு நிற்காமல் கன்னத்தையும் பதம் பார்க்கும். மூன்று தோட்டாக்களுக்கு மேல் எனக்குத் துணிவு வரவில்லை.

1909இல் குடியரசுத் தலைவர் பதவிக்காலம் முடிந்த கையோடு, ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்காகக் கிழக்காப்பிரிக்கா சென்ற ரூஸ்வெல்ட் இந்த .405ஐ உடன் கொண்டுசென்றார். சிங்கத்துக்கு அதுவே தமக்குக் கைகண்ட மருந்து என்ற பொருள்பட எழுதியும் வைத்தார். ஆனால் யானைக்கு அவர் கையில் எடுத்தது ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் இரட்டைக் குழல் ரைஃபிளை. இந்தத் தேர்வே உங்கள் கேள்விக்குத் தெளிவான விடை என்று நான் கருதுகிறேன். .405இன் குண்டு சுமார் 19 கிராம் எடையுடன், தன் அகலத்துக்குக் குட்டையாக இருப்பது. சிங்கம், புலி போன்ற மெல்லிய தோல் விலங்குகளிடம் அது விரிந்து பெருங்காயம் ஏற்படுத்தும். ஏறத்தாழ அதே வேகத்தில் செல்லும் ஹாலண்டின் குண்டோ சுமார் 31 கிராம் எடையுள்ளது, நீளமானது. யானையின் மண்டையோட்டைத் துளைத்து மூளை வரை நேராகச் செல்ல அந்த எடையும் நீளமும் தேவை. .405ஐ நம்பி யானைக்கு முன் நிற்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் பக்கத்துக் காடுகளிலும் இதே ரைஃபிள் நடமாடியிருக்கிறது. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி போன்ற அன்றைய சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்தபோது சுமந்தது .405 வின்செஸ்டர்தான். பரண் வேட்டைக்கு அது எவ்வளவு பொருத்தமானது என்பதை அந்த ரைஃபிளை இயக்கிப் பார்த்த பிறகே உணர்ந்தேன். தோளிலிருந்து இறக்காமலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடலாம் என்பது பலருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது, பிரைமரை வெடிக்கவைக்கும் சுத்தியல் வெளியே இருப்பது. மாலையிலேயே குழலில் ஒரு தோட்டாவை ஏற்றி, சுத்தியலைப் பாதியில் நிறுத்தி வைத்துக்கொண்டால், நள்ளிரவில் இரையருகே சருகு அசையும் நேரத்தில் லீவரைத் தொடவே வேண்டியதில்லை. விசையை இலேசாக அழுத்திப் பிடித்தபடி, பெருவிரலால் சுத்தியலை ஓசையின்றி முழுவதும் பின்னுக்கு இழுத்து, விசையை விட்ட பிறகே சுத்தியலை விட்டால் போதும்.