கதையை நம்பாதீர்கள்!
(கிரிப்டிக் குறுக்கெழுத்து: வாசகர் கேள்வி – பதில்)

கே: சாதாரண குறுக்கெழுத்தை ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுவேன். குறிப்பின் சொற்களுக்குள்ளேயே விடையை ஒளித்துவைக்கும் கிரிப்டிக் என்றால் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. எங்கே தொடங்குவது? – ஒரு வாசகி, நாமக்கல்

ப: குறிப்பை வாக்கியமாகப் படிப்பதால் வரும் வினை இது. அது சொல்லும் கதை வெறும் போர்வை. உள்ளே இரண்டு பாதிகள்தான். ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது, அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. நேர்ப்பொருள் குறிப்பின் முதலில் வரும், அல்லது கடைசியில் வரும். நடுவில் வராது.

'தவிலை மாற்றி வாசித்த நாயகி (3)' என்று ஒரு குறிப்பு. கச்சேரி மேடையை மறந்துவிடுங்கள். கடைசிச் சொல் 'நாயகி', அதுதான் நேர்ப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். மீதியில் 'மாற்றி' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் கட்டளை. எதை? த, வி, லை. மூன்று எழுத்து, அடைப்புக்குறியிலும் மூன்று. இடம் மாற்றினால் 'தலைவி'. கலைந்த, தடுமாறிய, உடைந்த, குழம்பிய என்று எது வந்தாலும் இதே வேலைதான். கலைக்க வேண்டிய எழுத்துகள் குறிப்பிலேயே பச்சையாக இருப்பதால், புதியவர்கள் ஒவ்வொரு புதிரிலும் இந்த வகையை முதலில் தேடிப் பிடிப்பது நல்லது.

கே: 'கதைக்குள் விடியத் தொடங்கும் பாட்டு (3)' என்ற குறிப்புக்கு 'கவிதை' விடையாம். பாட்டு சரி, விடியல் எங்கிருந்து வந்தது? – ஒரு வாசகர், தென்காசி

ப: விடியல் வரவேயில்லை, 'வி' மட்டும் வந்தது. 'விடிய' என்ற சொல் தொடங்கும் எழுத்து அது. அதைக் 'கதை'க்குள் வைத்தால் க(வி)தை.

இந்தக் குறிப்பிலேயே தமிழுக்கு உரிய ஒரு வழுக்கல் இருக்கிறது. 'விடியத்' என்பதில் நிற்கும் 'த்' சந்தியால் வந்தது, எண்ணிக்கையில் சேராது. 'தவிலைக் கலைத்த நாயகி' என்று எழுதியிருந்தாலும் அந்தக் 'க்' கணக்கில் இல்லை. அதைச் சேர்த்து நான்கு எழுத்து என்று தேடினால் பொழுது போகுமே தவிர விடை வராது. அப்படியானால் 'தவிலை' என்பதில் உள்ள ஐ உருபு மட்டும் ஏன் சேர்ந்தது? அது சொல்லோடு ஒட்டி 'லை' என்ற எழுத்தாகவே ஆகிவிட்டது. ஒற்றோ அடுத்த சொல்லைப் பார்த்து முளைப்பது, அந்தச் சொல் மாறினால் மறைந்துவிடும். 'கதைக்குள்' விஷயம் வேறு. 'உள்ளே வை' என்ற கட்டளையே அந்த உருபில்தான் இருக்கிறது, எனவே அது எழுத்துக் கணக்கில் சேராது.

கே: 'விமானம் தலை இழந்தாலும் கௌரவம் (3)'. நான் 'பெருமை' என்று போட்டேன். எழுத்தும் மூன்றுதானே? – ஒரு வாசகர், ஈரோடு

ப: விமானத்துக்கு நீங்கள் கணக்குக் காட்டவில்லையே! 'பெருமை' என்றால் அந்தச் சொல் எதற்காகக் குறிப்பில் வந்தது? 'விமானம்' தலையெழுத்தை இழந்தால் 'மானம்'. இரண்டு பாதிகளும் ஒரே சொல்லில் வந்து சேரும்வரை பேனாவைத் தொடாதீர்கள், பென்சில் போதும். பாதிப் பொருத்தத்தில் எழுதிய ஒரு சொல், அதை வெட்டிச் செல்லும் சொற்களையும் கெடுத்துவிடும்.

கே: குறிப்பு பிடிபடாதபோது கட்டத்தை வைத்தே ஊகிக்க முடியுமா? – ஒரு வாசகி, திருவாரூர்

ப: நன்றாக முடியும். பள்ளியில் படித்த மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளைக் கொஞ்சம் தூசி தட்டுங்கள்.

தமிழ்ப் புதிரில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் கட்டம். மெய்யில் தமிழ்ச்சொல் தொடங்காது. எனவே குறுக்கே போகும் சொல்லின் மூன்றாம் கட்டத்தில் கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்குகிறது என்றால், அங்கே 'மானம்' வர வழியில்லை. அதேபோல் அ, ஆ முதலான உயிரெழுத்துகள் சொல்லின் முதலில் மட்டுமே நிற்கும். குறுக்குச் சொல்லின் முதல் கட்டம் ஒரு நெடுக்குச் சொல்லின் நடுவில் விழுந்தால் 'அப்பம்', 'இலை' எல்லாவற்றையும் உடனே அடித்துவிடலாம். க், ங், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் சொல் முடியாது. 'ங்' கிடைத்துவிட்டால் அடுத்த கட்டம் கிட்டத்தட்ட எப்போதும் க வரிசைதான்.

அளபெடையும் (ஓசையை நீட்ட, சொல்லின் நடுவிலோ கடைசியிலோ உயிரெழுத்து வருவது) 'ப்ரேக்' போன்ற இரவல் சொற்களும் இந்த விதிகளுக்கு அடங்காது. 'ப்ரேக்' இரண்டு முனையிலும் விதியை உடைக்கிறது, பாருங்கள்.

கே: 'ஞாயிறு போனபின் வரும் நிலா (4)' என்பதில் எழுத்து விளையாட்டே இல்லையே? – ஒரு வாசகர், மதுரை

ப: இரட்டைப் பொருள் வகை. ஞாயிறு போனபின் வரும் நாள் திங்கள், நிலாவும் திங்கள்.

கே: நானே குறிப்பு எழுதிப் பார்க்கிறேன். சொல்லைத் திருப்பிப்போடும் வகை மட்டும் அமையவே மாட்டேன் என்கிறது. – ஒரு வாசகர், புதுச்சேரி

ப: மெய்யில் முடியும் சொல்லைத் திருப்பினால் மெய்யில் தொடங்கும், உயிரில் தொடங்கும் சொல்லைத் திருப்பினால் உயிரில் முடியும். இரண்டும் உதவாது. முதலும் முடிவும் உயிர்மெய்யாக உள்ள இரண்டு, மூன்று எழுத்துச் சொற்களில் மட்டும் தேடுங்கள். 'கைதி' அப்படிப்பட்டது: திருப்பினால் 'திகை'. 'கைதி திரும்பினால் பிரமித்து நில் (2)' என்று எழுதலாம். நேர்ப்பொருளை 'பிரமிப்பு' என்று வைத்துவிடாதீர்கள். 'திகை' ஏவல் வினை, பெயர்ச்சொல் அதற்கு ஈடாகாது. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான், தீர்ப்பவர்கள் மன்னிப்பதும் இல்லை.