அலாரம் 'வென்ட் ஆஃப்': அணைந்ததா, அடித்ததா?
நண்பரே, 'குடோன் அலாரம் வென்ட் ஆஃப்' என்று மேலாளர் அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு எலக்ட்ரீஷியனை அனுப்பினேன் என்கிறீர்கள். அலாரம் அணையவில்லை, அடித்திருக்கிறது!

'ஃபேனை ஆஃப் பண்ணு' என்றே பழகிய காதுக்கு இது புரியாததில் வியப்பில்லை. ஆஃப் என்பதன் அடிப்படைப் பொருள் 'விட்டு விலகி'. பட்டாசு, துப்பாக்கி, அலாரம் மூன்றும் அடங்கியிருந்த நிலையை விட்டுக் கிளம்புகிறவை. அதனால் அவை வெடிப்பதும் அடிப்பதும் 'கோ ஆஃப்'; நடந்து முடிந்தால் 'வென்ட் ஆஃப்'. ஓட்டப்பந்தயத்தில் 'தே ஆர் ஆஃப்' என்றால் ஓடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் 'லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்ததுதான். பிரிட்டனில் 'மில்க் இஸ் ஆஃப்' என்றால் பால் கெட்டுவிட்டது. (நம்ம ஆஃப் பாயில் வேறு கதை, அது அரை!)

யாராவது அலாரத்தை அணைத்திருந்தால் 'டர்ன்ட் ஆஃப்' என்று மேலாளர் எழுதியிருப்பார். எலக்ட்ரீஷியன் இருக்கட்டும், முதலில் குடோன் பூட்டைப் போய்ப் பாருங்கள்.