'மரைன்' (கடலுக்கானது) என்று போட்டிருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 28 அடி ஃபைபர் படகில் போல்ட், நட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போதும் என்கிறார் கடைக்காரர். 316 தான் வேண்டும் என்கிறார் படகு கட்டுபவர். விலை ரொம்பவே கூடுகிறதே, அவசியமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடமென்றால் 316 வாங்குங்கள். குரோமியமும் நிக்கலும் இரண்டிலும் உண்டு. 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். எஸ்.எஸ். மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அதை ஊசிமுனை அளவில் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அதை எதிர்த்து நிற்பது மாலிப்டினம்தான். கேபினுக்குள் காய்ந்தே கிடக்கும் அலமாரிக் கீலுக்கு 304 தாராளமாகப் போதும்.

ஆனால் 316-ஐ எல்லா இடத்திலும் நம்பிவிடக் கூடாது. அந்தக் காப்புப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, நனைந்த மரத்துக்குள் புதைந்திருக்கும் போல்ட்டுக்கு அது கிடைப்பதில்லை. வெளியே தலை பளபளவென்று இருக்கும். கழற்றினால் நடுத்தண்டு அரித்து மெலிந்திருக்கும். வாஷரைச் சுற்றிப் பழுப்புக் கறை கசிந்தால் அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே சிலிக்கான் பிரான்ஸ் என்ற செம்புக் கலவை போல்ட் போடுவதுதான் சரி. பித்தளை கூடவே கூடாது. கடல் தண்ணீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், இளஞ்சிவப்பு நிறத்தில் உதிரும் செம்புதான் மிஞ்சும். அது திடீரென்று ஒடியும்.

கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. 304, 316 மட்டுமல்ல, மலிவான 202 கூடக் காந்தத்தில் சரியாக ஒட்டாது. போல்ட் தலையைப் பாருங்கள்: ஏ4-70 அல்லது ஏ4-80 என்று அடித்திருந்தால் 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. எஸ்.எஸ். நட்டை வேகமாக முறுக்கினால் மரை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு அசையாது. மரையில் கிரீஸ் தடவி, மெதுவாக இறுக்குங்கள்.

கேள்வி: படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்புக்கு வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. செம்பு வயரைப் போட்டோம். ஒரு வருடத்தில் பம்ப் மெதுவாக ஓடுகிறது. பேட்டரி நன்றாகவே இருக்கிறது. வயர்தான் காரணமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: பெரும்பாலும் வயர்தான். பம்ப் பக்கத்து முனையில் 2 செ.மீ. உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு பூத்தோ இருக்கும். உப்பு ஈரம் இழைகளுக்கு இடையே ஏறி உறைக்குள் வெகுதூரம் போய்விடும். அதனால் முனையை மட்டும் வெட்டி மறுபடி இணைத்தால் சில வாரம்தான் தாங்கும்.

அளவும் போதாது. பம்ப் 8 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 12 மீட்டர் வயர். 1.5-இல் புது வயரிலேயே சுமார் 1.1 வோல்ட் வழியில் போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 0.4 வோல்ட்தான் போகும். 12 வோல்ட்டில் இது பெரிய வித்தியாசம். களிம்பு ஏற ஏற இழப்பு இன்னும் கூடும்.

வெள்ளீயம் (டின்) பூசிய பல இழை மரைன் வயருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. படகு மூழ்காமல் காப்பது இந்தப் பம்ப்தான். முறுக்கி டேப் சுற்றும் வேலையே வேண்டாம். வயர் முனையில் லக்கை (உலோக முனைக் கொக்கி) கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கிப் பிடிக்க வைத்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடு காட்டிச் சுருக்கி மூடுங்கள். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும்.

கேள்வி: இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் வைக்க மரைன் ப்ளைவுட்டா, சாதாரண ப்ளைவுட்டா? எப்படியும் ஃபைபர் போட்டு மூடத்தானே போகிறோம்?
- வாசகர், கடலூர்

பதில்: மூடினாலும் தண்ணீர் போகும், இன்ஜின் போல்ட்டுக்குத் துளைக்கும் ஓட்டை வழியாக. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகையை வாங்குங்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படுவது. ஆனால் பசை தாங்கினாலும், ஈரத்திலேயே கிடந்தால் மரம் மட்கத்தான் செய்யும். ஆகவே பலகையைவிட ஓட்டைதான் முக்கியம். 12 மி.மீ. போல்ட் என்றால் முதலில் 18 மி.மீ. துளையுங்கள். கெட்டியாக்கிய எபாக்ஸி பசையால் முழுக்க அடைத்து, இறுகியபின் நடுவில் 12 மி.மீ. துளையுங்கள். இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

பழைய படகில் சுத்தியல் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் அமுங்கினாலோ, போல்ட்டைக் கழற்றும்போது டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்தாலோ உள்ளே மட்கிவிட்டது. மேலே இன்னொரு அடுக்கு ஃபைபர் மேட் ஒட்டிச் சமாளிக்காதீர்கள்; ஓடும்போது இன்ஜினே பெயர்ந்து விழும்.

கேள்வி: அப்படியானால் எதில்தான் மிச்சம் பிடிக்கலாம்?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: பேட்டரியில் பிடிக்கலாம். இன்ஜின் ஸ்டார்ட் செய்ய மட்டுமென்றால், பெட்டிக்குள் வைத்து ஆடாமல் கட்டிய லாரி பேட்டரியே போதும். இரவு முழுக்க விளக்கும் எக்கோ சவுண்டரும் (ஆழம் காட்டும் கருவி) ஓடுமென்றால் மட்டும், சார்ஜ் வெகுவாக இறங்கினாலும் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரி வாங்குங்கள். தினமும் கரையில் இழுத்துப் போடும் படகுக்குக் கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிரி) தடுக்கும் பெயின்ட் தேவையே இல்லை. காய்ந்த அடியில் கொட்டலசு வளராது, பெயின்ட்டும் மணலில் உரசிப் போய்விடும். வாளி, பிரஷ், சோப்பு எதற்கும் 'மரைன்' வேண்டாம்.

2 ஸ்ட்ரோக் அவுட்போர்டின் (பின்பலகையில் மாட்டும் இன்ஜின்) ஆயிலில் மட்டும் கை வைக்காதீர்கள். பைக் 2டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. கடல் தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்குச் சாம்பல் விடாத டி.சி-டபிள்யூ3 ஆயில்தான் வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் ரிங்கில் கரி படிந்து பிடித்துக்கொள்ளும்.