டபுள் ஓகே சொன்ன வஞ்சிரம்

கேள்வி: எனக்கு 26 வயது. டேப்லெட்டில் படம் வரைவேன். காசிமேட்டு மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடை ஒன்றுக்குப் போன வருஷம் 24 வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வரைந்து கொடுத்தேன். கடைக்காரர் அம்மாவுக்குத் தெரிந்த அண்ணன். 6,000 ரூபாய் ஜிபே பண்ணினார். எங்கள் ஆயா காசிமேட்டில் 30 வருஷம் கூடை வைத்து மீன் விற்றவர். அவர் முகத்தை வைத்துத்தான் ‘மீன்காரம்மா’ கேரக்டரை உருவாக்கினேன். இன்று அந்த ஸ்டிக்கர் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லா குரூப்பிலும் ஓடுகிறது. ஆனால் என் பெயரை எடுத்துவிட்டுக் கடைப் பெயரைப் போட்டிருக்கிறார். டி-ஷர்ட் அடித்து எம்.சி. ரோட்டில் ஒரு கடை மூலம் விற்கிறார். கேட்டால் “காசு வாங்கிட்ட இல்ல, அப்புறம் இன்னா?” என்கிறார். அம்மா சாப்பிடாமல் அழுகிறார். போலீஸில் புகார் கொடுக்கலாமா? 10 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அந்த அண்ணன் உங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டார், தங்கை கல்யாணத்துக்கு உங்களை ஏன் கூப்பிடவில்லை என்பதிலேயே மூன்றரைப் பக்கம் போய்விட்டது. வருத்தம்தான், ஆனால் வழக்கில் அதற்கு இடமில்லை. அவர் சொன்ன ஒரு வரிக்கு இடம் உண்டு: “காசு வாங்கிட்ட இல்ல.” அந்த 6,000 ரூபாய்க்கு அவர் வாங்கியது என்ன?

வரைந்தவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், பிரிவு 17. அந்த உரிமை கைமாற வேண்டுமானால் பிரிவு 19 எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. ஜிபே ரசீது கையெழுத்து ஆகாது. மாதச் சம்பளத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ‘வேலைக்காரர் வரைந்தது முதலாளிக்குச் சொந்தம்’ என்ற வாதமும் அவருக்குக் கிடையாது. ஒரு சந்து மட்டும் பாக்கி. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் ஆகியவை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே சொந்தம் என்று அதே பிரிவு 17 சொல்கிறது. ‘மீன்காரம்மா ஓர் உருவப்படம், வரையச் சொன்னது நான்’ என்று அவருடைய வக்கீல் நிச்சயம் ஆரம்பிப்பார்.

உங்கள் ஆயா கதையை நான் படித்தது இதற்காகத்தான். அதே முகத்தை 2021இலேயே ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்திருப்பதாக நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான்கு பக்கத்தில் தங்கம் அந்த வரிதான். கேரக்டர் ஆர்டருக்கு முன்பே பிறந்துவிட்டது என்றால் ‘நான் சொல்லித்தான் வரைந்தாள்’ என்பது நிற்காது. நோட்டைப் பத்திரமாக வையுங்கள். புதிதாகத் தேதி எழுதிச் சேர்க்க வேண்டாம். இப்போது எழுதிய மை, பழைய பென்சிலையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

பெயரை எடுத்தது பற்றி: ஸ்டிக்கரைத் தொட்டால் தொகுப்பின் பெயருக்குக் கீழே செய்தவர் பெயர் வருமே, அங்கே உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கப் பிரிவு 57 இடம் தருகிறது. உரிமையையே விற்றிருந்தாலும் அந்த உரிமை போகாது. உங்கள் புலம்பல்களில் சட்டம் காது கொடுப்பது இது ஒன்றுக்குத்தான்.

ஆக, சொத்து உங்களுடையது. இதோடு கிளம்பி ஸ்டேஷனுக்குப் போய்விடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது ஸ்கிரீன்ஷாட்டை நீங்களே ஒழுங்காகப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. “ஏம்மா, இத்த டி-ஷர்ட்டுலயும் போட்டுக்கட்டுமா?” என்று அவர் கேட்கிறார். நீங்கள் எழுத்தாக ஒன்றும் சொல்லவில்லை. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு வஞ்சிரம், துடுப்பைக் கட்டைவிரல் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே கொட்டை எழுத்தில் ‘டபுள் ஓகேண்ணே’. பக்கத்தில் ‘சும்மா ஜாலிக்குப் போட்டது சார்’ என்று எனக்குக் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்.

ஜாலிக்குத்தான் எல்லோரும் போடுகிறோம். பதில் சொல்ல விருப்பமில்லாத இடத்தில் முகம் முறியாமல் நகர ஸ்டிக்கரைவிட நல்ல வழி இல்லை. எங்கள் வக்கீல்கள் குரூப்பிலேயே வாய்தாவுக்குச் சம்மதமா என்று கேட்டால் கும்பிடு போடும் ஒரு யானை வரும். அது சம்மதமா, மறுப்பா, காலை வணக்கமா என்று எவனுக்கும் தெரியாது. ஆனால் நீதிமன்றம் அதற்கும் அர்த்தம் தேடியாக வேண்டும். ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் ஒரு கொலைச் செய்திக்குக் கட்டைவிரல் போட்டதற்காக வேலை இழந்தார். ‘பார்த்துவிட்டேன் என்பதற்கும் அதைப் போடுவார்கள், கொண்டாடினார் என்று ஆகாது’ என்று 2024இல் நம் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2023இல் கனடாவில் நேர் எதிர். ஒப்பந்தத்தின் போட்டோவுக்கு ஒரு விவசாயி போட்ட கட்டைவிரலைக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டு, 82,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னது அங்கிருந்த நீதிமன்றம். உங்களுடையது வெறும் விரல்கூட இல்லையே. நேரான கேள்விக்கு, நீங்களே வரைந்த மீன், நீங்களே எழுதிய வார்த்தை.

அதனால் உரிமை கைமாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டி-ஷர்ட்டுக்குச் சம்மதம் கொடுத்தாள் என்று வாதிட அதுவே போதும். அதன் பின்னால் இன்னொரு குழி இருக்கிறது. டிசைன் சட்டத்தில் பதிவு செய்திருக்கக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்ற இன்னொருவரோ அதைப் போட்ட பொருளை இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கினால், அந்த டிசைனில் காப்புரிமை முடிந்துவிடும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 15. ‘அனுமதி பெற்ற இன்னொருவர்’ என்பதை இன்னொரு தடவை படியுங்கள். அனுமதி கொடுத்தது வஞ்சிரம். அடித்தது 200 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூல ஓவியம் வேறு, துணியில் ஏறும் டிசைன் வேறு என்று நாம் பதில் வாதம் வைக்கலாம், நல்ல வாதம்தான். ஆனால் அதைச் சொல்லி ஜெயிக்கும்போது உங்கள் வயது 26 ஆக இருக்காது.

அடுத்தது இதைவிட மோசம். 24 ஸ்டிக்கரையும் திறந்து பார்த்தேன். 7, 11, 12, 19. லுங்கி மாட்டி, கையில் கூடை கொடுத்திருக்கிறீர்கள், சரி. அந்த முழி யாருடையது, அந்தக் கழுத்துத் திருப்பல் எந்தக் காமெடி சீனில் வந்தது என்று வண்ணாரப்பேட்டையில் எந்தப் பையனும் சொல்லிவிடுவான். சினிமா ஸ்டில்லை அடியில் வைத்து மேலே கோடு போட்டிருக்கிறீர்கள். காட்சி தயாரிப்பாளருடையது, முகம் அந்த நடிகருடையது. பிரபலமானவரின் பெயரும் சாயலும் பாணியும் அவருக்கே உரியவை என்று ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015இலேயே சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. குரூப்பில் எல்லோரும் இதைத்தானே செய்கிறார்கள் என்பீர்கள். அவர்கள் அதற்குக் காசு வாங்கவில்லை, வழக்கும் போடவில்லை.

நீங்கள் அவர் மேல் போடச் சொல்வது பிரிவு 63. ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். பிடிவாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் கேட்டவுடன் கிடைக்கிற குற்றம் இல்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கும். தயாரிப்பாளர் உங்கள் மேல் புகார் கொடுத்தால் அதுவும் இதே பிரிவு 63தான்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். பேனர் டிசைன் செய்பவன். நூறு டிசைனைத் திருடிவிட்டார்கள் என்று கொதித்தான். நூறையும் மனுவோடு இணைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். நானும் விட்டுக்கொடுத்தேன், என் தப்புதான். எதிர்த்தரப்பு பதில் மனுவே போடவில்லை. நாங்கள் கொடுத்த இணைப்பிலிருந்து, சினிமா ஸ்டில்லை வைத்து அவன் செய்திருந்த ஒன்பது டிசைனை எடுத்து, அந்தந்தச் சினிமா நிறுவனத்துக்கு ஆளுக்கொரு தபால் அனுப்பியது. மூன்று வாரத்தில் தம்பிக்கு நோட்டீஸ் வந்தது. வாதியாக உள்ளே போனவனை அங்கிருந்து வெளியே கொண்டுவருவதற்கே ஒரு வருஷம் ஆனது. அவனுடைய டிசைனை அவர்கள் திருடியது உண்மைதான். அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவேயில்லை.

இன்ஸ்டாவில் ‘திருடன்’ என்று ஸ்டோரி போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது 24 மணி நேரத்தில் போய்விடும், அவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட் போகாது. இனிமேல் வேண்டாம். அவதூறு ஒரு பக்கம். வழக்குப் போடாமல் வெறுமனே காப்புரிமை பேசி மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போகப் பிரிவு 60 இருக்கிறது.

அப்புறம் போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள், அந்த வஞ்சிரத்தையும் சேர்த்துத்தான். 512-க்கு 512 பிக்சலில் 100 கேபி-க்குள் அடங்கும் ஸ்டிக்கர் ஃபைல் உலகத்தில் எல்லோரிடமும் இருக்கிறது. வரைந்தது நீங்கள் என்று அது காட்டாது. லேயர் லேயராகப் பிரிந்திருக்கும் மூல ஃபைல் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அழித்து அழித்துப் போட்ட கோடு, மறைத்து வைத்த லேயர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு அதைத் தாக்கல் செய்யப் புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழ் வேண்டும். அதுவும் பிரிவு 63தான், சட்டம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

10 லட்சம் கிடைக்காது. வணிக நீதிமன்றத்துக்குப் போனாலும், அவசரத் தடை கேட்காத வழக்கு என்றால் முதலில் மத்தியஸ்தத்துக்குத்தான் அனுப்புவார்கள். எப்படியும் உட்கார்ந்து பேசப்போகிற பேச்சை, கோர்ட் ஃபீஸ் கட்டாமல் இப்போதே பேசுங்கள். இந்த வழக்கில் சமாதானம்தான் என் ஆலோசனை.

அம்மாவை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். வக்கீல் மூலம் மிரட்டல் இல்லாத ஒரே ஒரு கடிதம். தொகுப்பில் உங்கள் பெயர் திரும்ப வர வேண்டும். அடித்த டி-ஷர்ட்டுக்கு ஒரு மொத்தத் தொகை, இனி அடிப்பதற்கு உருப்படிக்கு இவ்வளவு என்று ஒரு விலை. அந்த நான்கு ஸ்டிக்கரை இரண்டு பேரும் சத்தமில்லாமல் எடுத்துவிட வேண்டும். அவற்றின் எண்ணைக் கடிதத்தில் எழுதாதீர்கள், நேரில் சொல்லிக்கொள்ளலாம். 40,000 ரூபாய்க்கு மேல் எவ்வளவு வந்தாலும் நானாக இருந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒப்பந்தம் எழுதும்போது ‘முழு உரிமையும்’ என்ற வார்த்தை எங்கே வந்தாலும் அடித்துவிடுங்கள். எந்தப் பொருளில், எத்தனை வருஷத்துக்கு, எந்த ஊர்களில் என்று வரிவரியாக இருக்கட்டும். வருஷத்தை எழுதாமல் விட்டால் சட்டமே ஐந்து என்று எடுத்துக்கொள்ளும். ஊரை விட்டால் இந்தியா முழுக்க. மீன்காரம்மா கேரக்டர் ஒப்பந்தத்தில் சேராது, அதில் புதிய படம் வரையும் உரிமை உங்களுக்கு மட்டுமே என்று தனியாக ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்காக வேண்டுமானால் 5,000 ரூபாய் குறைத்துக்கொள்ளலாம்.