அம்மாவுக்குப் புரதப் பவுடர் வாங்கலாமா?

தங்கச்சி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் 58 வயது அம்மா இரண்டு வேளையும் ரொட்டியும் சம்பலும்தான் சாப்பிடுகிறார், எப்போதும் களைப்பு, பவுடர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அந்தக் காசுக்குப் பருப்பும் முட்டையும் வாங்குங்கள்.

அந்த வயதில் உடம்பின் ஒரு கிலோவுக்கு நாளுக்குச் சுமார் 1 கிராம் புரதம் கிடைப்பது நல்லது. 50 கிலோ என்றால் 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். கோதுமை மாவிலும் புரதம் உண்டு, ஆனால் அதில் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) குறைவு. பருப்பு அதை ஈடுகட்டும். அதனால் ரொட்டிக்குக் கெட்டியான பருப்புக் கறி கொடுங்கள். மலைக்குப் போகும்போது அவித்த கௌபி (தட்டைப்பயறு), இரவில் சோயா மீட் அல்லது நெத்தலி.

அப்புறம், களைப்புக்கு இரத்தசோகையும் காரணமாகலாம். இரத்தத்தைக் கட்டாயம் சோதியுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.