தலைமையகம் கிளம்புகிறது, நானும் மூட்டை கட்டட்டுமா?

கேள்வி: எங்கள் நகரத்தின் அடையாளமாகவே இருந்த நிறுவனம், தலைமையகத்தை அடுத்த ஆண்டு எங்கள் போட்டி நகரத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்துவிட்டது. தொழிற்சாலை இங்கேயே இருக்குமாம். தலைமையகத்துக்கு அருகில் மூன்று வருடங்களுக்கு முன் வங்கிக் கடனில் அடுக்குமாடி வீடு வாங்கினேன். அதை இப்போதே விற்றுவிடலாமா? அந்த நிறுவனத்துக்குக் கூட்டங்கள், பயிற்சி முகாம்கள் நடத்திக் கொடுப்பதுதான் என் தொழில். 14 பேர் வேலை செய்கிறார்கள். வருமானத்தில் 60 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. அவர்கள் பின்னாலேயே போய்க் கிளை திறக்கலாமா? சலுகை கொடுத்தாவது அவர்களை நிறுத்தி வைக்கும்படி மாநகராட்சிக்கு ஒரு மனு சுற்றில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: வீட்டை விற்காதீர்கள், கிளையும் திறக்காதீர்கள். ஆனால் அந்த 60 சதவீதத்தைப் பற்றி இன்றைக்கே கவலைப்படத் தொடங்குங்கள். உங்கள் முதல் கேள்வி வீட்டைப் பற்றியது, எனக்கு அது கடைசி. அடி முதலில் விழப்போவது தொழிலில்.

அதற்கு முன்னால், உண்மையில் எது போகிறது என்று பார்த்துவிடுவோம். தலைமையகம் என்று செய்தியில் வரும் ஒரு சொல்லுக்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. சட்டப்படி பதிவான முகவரி ஒன்று. தலைவரும் இயக்குநர்களும் உட்கார்ந்து முடிவெடுக்கும் மாடி ஒன்று. கணக்கு, கொள்முதல், சட்டம், மனிதவளம், ஐ.டி. என்று நூற்றுக்கணக்கானவர்கள் வந்துபோகும் அலுவலகம் ஒன்று. மூன்றும் சேர்ந்தே போகும் என்று கட்டாயமில்லை.

முகவரி மட்டும் போவதற்கு ஸ்பெயினைப் பாருங்கள். 2017 அக்டோபரில் கட்டலோனியாவின் தனிநாட்டு வாக்கெடுப்பால் ஏற்பட்ட குழப்பத்தில், அங்கே இருந்த கைஷாபேங்க் வங்கி தன் பதிவு முகவரியை கட்டலோனியாவுக்கு வெளியே வலென்சியாவுக்கும், சபாடெல் வங்கி அலிகாண்டேவுக்கும் சில நாட்களிலேயே மாற்றிவிட்டன. பங்குதாரர் கூட்டம் கூட்டாமல் இயக்குநர் குழுவே இதை முடிவு செய்யலாம் என்று அரசாங்கம் அவசரமாக விதியைத் தளர்த்திக் கொடுத்தது. ஊழியர்கள் பெரும்பாலும் பழைய அலுவலகத்துக்கே வந்துபோனார்கள். சபாடெல் 2025 ஜனவரியில் முகவரியைப் பழைய ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டது.

முடிவெடுக்கும் மாடி போவதற்குப் பெயர்பெற்ற உதாரணம் விமானம் தயாரிக்கும் போயிங். அமெரிக்காவின் சியாட்டிலிலேயே பிறந்து வளர்ந்த அந்த நிறுவனம், 2001இல் தலைமையகத்தை வெளியே கொண்டுபோவதாக அறிவித்து, சிகாகோ, டல்லாஸ், டென்வர் மூன்றையும் மோத விட்டது. மே 10 அன்று தலைவரை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பியபோது மூன்று ஊர்களுக்கும் பயணத்திட்டம் பதிவாகியிருந்தது. கிளம்பிய பிறகுதான் சிகாகோ என்று வெளியே சொன்னார்கள். அவ்வளவு நாடகத்துக்கும் பிறகு சிகாகோவில் அமைந்தது ஏறக்குறைய 500 பேர் கொண்ட ஓர் அலுவலகம். விமானம் கட்டும் பல்லாயிரம் பேர் சியாட்டில் வட்டாரத்திலேயே இருந்தார்கள். அவர்களை உண்மையில் உலுக்கியது அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த ஆட்குறைப்பு.

அதே சியாட்டிலில் அதற்கு முப்பது வருடம் முந்தைய கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1967இல் சுமார் ஒரு லட்சமாக இருந்த போயிங் ஊழியர் எண்ணிக்கை, 1971 ஏப்ரலில் 40,000க்கும் கீழே இறங்கியது. ஊரைவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று வீடு விற்கும் முகவர்கள் இரண்டு பேர் சாலையோரம் விளம்பரப் பலகையே வைத்தார்கள். அப்போது தலைமையகம் சியாட்டிலில்தான் இருந்தது! வீட்டு விலையைப் பற்றி நினைக்கும்போது இந்தப் பலகையை ஞாபகத்தில் வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் தொழிற்சாலை இருக்கிறது, மேல்மாடி போகிறது. நடுவில் இருக்கும் கணக்கும் கொள்முதலும் எங்கே போகின்றன என்பதுதான் தெரியவில்லை. அதை அறிவிப்பில் தேடாதீர்கள், வேலை விளம்பரத்தில் தேடுங்கள். கொள்முதல் அதிகாரி, கணக்காளர் பதவிகளுக்கு அவர்கள் ஆள் எடுக்கும்போது எந்த ஊரைப் போடுகிறார்கள் என்று நான்கு வாரம் கவனித்தால் போதும். பத்திரிகைக் குறிப்பில் மறைப்பதை வேலை விளம்பரத்தில் மறைக்க முடியாது.

கொள்முதலை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், நான் ஆலோசனை சொன்ன ஒருவரின் அனுபவம் அப்படி. அவர் அச்சகம் வைத்திருந்தார். அவருடைய பெரிய வாடிக்கையாளரும் இதேபோல்தான் ஊர் மாறியது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவருக்கு எதுவுமே மாறவில்லை. ஆர்டர் வந்தது, பில் போனது, பணம் வந்தது. ஏழாவது மாதம் வந்த கொள்முதல் ஆணையில் (பி.ஓ.) பொருள், அளவு, விலை எல்லாம் பழையபடிதான். இடது மூலையில் 'பில் டு' (பில்லை யாருக்கு அனுப்ப வேண்டும்) என்ற இடத்துக்குக் கீழே மட்டும் புது ஊரின் முகவரி. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த காலாண்டில், எல்லா வெண்டார்களும் புதிய போர்ட்டலில் மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று மெயில் வந்தது. அதற்கு அடுத்து, எல்லா ஊர்களுக்கும் சேர்த்து ஒரே டெண்டர். அவர் விலையில் தோற்கவில்லை. குறைந்தபட்ச விற்றுமுதல் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற முதல் நிபந்தனையிலேயே வடிகட்டப்பட்டார். பத்து வருட உறவு. அவர் வேலையைப் பற்றி ஒரு குறைகூட யாரும் சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர் யாரும் அந்த மேசையில் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் தொழிலுக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. டேவிட் கார்டு, கெவின் ஹாலக், என்ரிக்கோ மோரெட்டி என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அமெரிக்க நகரங்களில் தலைமையகங்கள் இருப்பது உள்ளூர் தொண்டு அமைப்புகளுக்கு வரும் நன்கொடையைக் கூட்டுகிறது என்று காட்டியது. சுவாரசியம் என்னவென்றால், அந்தப் பணத்தில் பெரும்பங்கு நிறுவனம் நேரடியாகக் கொடுப்பதல்ல, ஊரில் பெரிய சம்பளக்காரர்கள் கூடுவதால் வருவது. ஆக, அந்த மாடி காலியானால் நிறுவனத்தின் கூட்டங்களோடு, அந்த அதிகாரிகள் தலைமை தாங்கி நடத்தும் நிதி திரட்டும் விழாக்களும் மெலியும். அவற்றில் உங்களுக்கு ஆர்டர் வருகிறதா என்று கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 60 என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 65ஆக இருக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பாக்கி. கணக்குப் பிரிவு ஊர் மாறும்போது பழைய இன்வாய்ஸ்கள்தான் முதலில் காணாமல் போகும். யாரும் ஏமாற்றுவதற்காகச் செய்வதில்லை. உங்கள் பில்லை அறிந்த ஆள் போய்விடுவார், புதிதாக வந்தவர் ஒப்புதல் மெயிலைக் கேட்பார், அந்த மெயில் அனுப்பியவரும் வேலையை விட்டிருப்பார். இப்போதே நிலுவைப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து, இந்தத் தேதி வரை இவ்வளவு பாக்கி என்று அவர்களிடம் எழுத்தில் உறுதி வாங்கிவிடுங்கள். புதிய வேலைகளுக்கு முன்பணம் கேட்கவும் தயங்காதீர்கள். மாறிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் இதெல்லாம் சகஜமாக எடுத்துக்கொள்ளப்படும்.

அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்து, காரணம் சொல்லாமல் அவர்கள் முடித்துக்கொள்ள எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று பாருங்கள். 30 நாள் என்றால், உங்கள் 14 பேரின் சம்பளம் 30 நாள் நூலில் தொங்குகிறது என்று அர்த்தம். புதுப்பிக்கும் தேதி அருகில் இருந்தால் இப்போதே இரண்டு வருடத்துக்குப் பேசுங்கள். உங்களைத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு இருக்கும் கடைசி மாதங்கள் இவை.

அதைவிட முக்கியம், தொழிற்சாலைப் பக்கம் போங்கள். பாதுகாப்புப் பயிற்சி, புதிதாகச் சேர்பவர்களுக்கான அறிமுக முகாம், மேற்பார்வையாளர் கூட்டம் என்று அங்கே எப்போதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ஆலை மேலாளருக்கு மேலிடத்தைக் கேட்காமல் செலவழிக்க ஒரு வரம்பு இருக்கும், அது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வரம்புக்குள் அடங்கும் சின்னச் சின்ன வேலைகளாக உங்கள் சேவையைப் பிரித்து விலை போடுங்கள். பளபளப்பான தலைமையகக் கூட்டங்களை நடத்தியவருக்கு இது இறக்கமாகத் தெரியலாம். பரவாயில்லை.

இன்னொன்று. தலைமையகம் மாறும்போது எல்லோரும் கூடவே போவதில்லை. பிள்ளைகளின் பள்ளி, துணைவரின் வேலை, வயதான பெற்றோர் என்று ஏதோ ஒரு காரணத்தால் நல்ல மேலாளர்கள் பலர் வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே தங்கிவிடுவார்கள். ஓர் ஆண்டுக்குள் அவர்களில் சிலர் வேறு நிறுவனங்களில் முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பார்கள், சிலர் சொந்தமாகத் தொடங்கியிருப்பார்கள். இவர்கள்தான் உங்கள் அடுத்த வாடிக்கையாளர்கள். அலுவலக மெயில் முகவரி முடங்குவதற்கு முன்னால் சொந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளை விஷயத்துக்கு வருவோம். ஒருமுறை வேரைப் பிடுங்கிக்கொண்டு போன தலைமையகம், அடுத்த ஊரிலும் ஆழமாக வேர்விடும் என்று நம்ப வேண்டாம். போயிங் 2022இல் சிகாகோவையும் விட்டுவிட்டு வாஷிங்டன் அருகே உள்ள ஆர்லிங்டனுக்குப் போவதாக அறிவித்தது. கட்டுமான இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் இன்னும் மோசம். தன் பழைய ஊரான பியோரியாவிலேயே புதிய தலைமையகம் கட்டப்போவதாக 2015இல் அறிவித்தார்கள். 2017இல் மனம் மாறிச் சிகாகோ அருகே டீர்ஃபீல்டுக்குப் போனார்கள். 2022இல் டெக்சஸின் இர்விங்குக்குப் போகிறோம் என்றார்கள். டீர்ஃபீல்டை நம்பிக் கடை போட்டவர் என்ன செய்வார்? பியோரியா வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையில் தொடர்ந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். பழைய ஊரில் தங்கிய சப்ளையருக்குக் கதவு முழுதாக மூடிவிடவில்லை. உங்களுக்கு அங்கிருந்து ஓர் ஆர்டர் வந்தால் இங்கிருந்தே ஆளை அனுப்பிச் செய்யுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து வந்தால் வாடகைக்கு இடம் பார்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

இப்போது வீடு. அறிவிப்பு வந்த முதல் சில மாதங்களில் விற்றால், செய்தியைப் படித்துவிட்டு வரும் ஒவ்வொருவரும் விலையை அடித்துக் கேட்பார்கள். தொழிற்சாலை ஆட்கள் ஊரில் இருக்கும்வரை வீடுகளுக்குத் தேவை இருக்கும். தலைமையகத்தை ஒட்டிய பெரிய வீடுகளும், அதிகாரிகளை நம்பி வாடகைக்கு விட்டவையும்தான் கொஞ்சம் தடுமாறும். உங்கள் வீடு அந்த இரண்டாவது வகையென்றால், குடியிருப்பவர் எங்கே வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் காலிக் கட்டடம் என்னவாகிறது என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். 1884இல் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில், கடைகளின் பணப்பதிவு இயந்திரம் செய்யத் தொடங்கிய என்.சி.ஆர். நிறுவனம், 2009இல் அட்லாண்டா பக்கம் போய்விட்டது. ஊர் உடைந்துபோனது. ஆனால் ஒரு காலத்தில் அங்கே சுமார் 20,000 பேருக்கு வேலை கொடுத்த நிறுவனம் கிளம்பும்போது 1,200, 1,300 பேரோடுதான் இருந்தது. உண்மையான இழப்பு பல ஆண்டுகளாக ஓசையில்லாமல் நடந்து முடிந்திருந்தது. அதே ஆண்டு இறுதியில் டேட்டன் பல்கலைக்கழகம் அந்தக் கட்டடத்தை 1.8 கோடி டாலருக்கு வாங்கித் தன் ஆராய்ச்சி நிலையத்தை அங்கே குடியேற்றியது. உங்கள் ஊரில் அந்த இடத்தை யாராவது கேட்டு வருகிறார்களா, அல்லது வெளியே பூட்டுத் தொங்குகிறதா என்பது உங்கள் வீட்டு விலைக்கு எந்த நிபுணரையும்விட நல்ல தகவல்.

வீட்டில் எனக்கு உண்மையாகப் பயம் ஒன்றுதான். தொழிலும் வீடும் ஒரே நிறுவனத்தின் நிழலில் இருக்கின்றன. தொழில் படுத்தால் தவணை நிற்கும், அதே நேரத்தில் வீட்டை வாங்கவும் ஆள் குறைவாக இருப்பார்கள். அதனால் ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தொழில் கணக்கில் கலக்காமல் தனியாக வையுங்கள். இந்த வருட லாபத்திலிருந்து அதைச் சேர்க்க முடியவே முடியாது என்றால், அப்போது விற்பதைப் பற்றி மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

மனுவில் கையெழுத்துப் போடுவது உங்கள் இஷ்டம். சலுகை காட்டிப் பிடித்து வைப்பது நிலைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் 1996 முதல் 2001 வரையான இடமாற்றங்களை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்ட்ராஸ்-கானும் விவெஸும், வரியோடு சேர்த்து நல்ல விமான வசதி, வணிகச் சேவைகள், ஏற்கெனவே அதே துறைத் தலைமையகங்கள் கூடியிருப்பது ஆகியவையும் இழுக்கும் காரணங்கள் என்று கண்டார்கள். வரியை ஒரு கையெழுத்தில் குறைக்கலாம், மற்றவை வர வருடங்கள் ஆகும். கனடாவில் மாண்ட்ரியால் டொராண்டோவிடம் நிறுவனங்களை இழந்ததற்குக் காரணமாக, சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் 1978 ஜனவரியில் அறிவித்த இடமாற்றத்தையும் அதற்கு முந்தைய ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சட்டத்தையும்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பங்குச் சந்தை வியாபாரம் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே டொராண்டோ பக்கம் சாயத் தொடங்கியிருந்தது.

இந்த வாரம் கணக்குப் பிரிவில் உங்களுக்குத் தெரிந்தவரை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பில் டு முகவரி எந்தத் தேதியிலிருந்து மாறுகிறது?" அவர் சொல்லும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு மூன்று மாதம் முன்னதாக நிலுவை எல்லாவற்றையும் வசூலித்து முடியுங்கள்.