கிளட்ச் பிளேட் மட்டும் போதுமா, செட்டாக வாங்க வேண்டுமா?

கேள்வி: மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறுகிறது, கார் வேகம் எடுப்பதில்லை. பிளேட்டை மட்டும் வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: கோளாறு பிளேட்டில்தானா என்று முதலில் பாருங்கள். எதிரே ஆள் இல்லாத சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, பிரேக்கையும் மிதித்தபடி மூன்றாவது கியரைப் போட்டு கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட்டில் மிச்சமுள்ள லைனிங்கும் (உராயும் பரப்பு) கருகிவிடும். கேபிள் கிளட்சாக இருந்து பெடலில் ஃப்ரீ பிளே (மிதிக்கும்போது முதலில் வரும் தளர்வு) அறவே இல்லாவிட்டாலும் இதே ஸ்லிப் வரும். அது அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்தினாலே போய்விடும்.

பிளேட்தான் தேய்ந்திருக்கிறது என்றால் செட்டாகவே வாங்குங்கள்: பிளேட், அதை ஃப்ளைவீலோடு (எஞ்சினோடு சுற்றும் சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். வேலை முழுவதும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதில்தான் இருக்கிறது. பழைய ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்றும், சுமை ஏறியபின்தான் கத்தத் தொடங்கும். அப்போது கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். ஹைட்ராலிக் கிளட்சில் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் மாடல் என்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் எஞ்சினுக்கு எஞ்சின் பிளேட்டின் விட்டமும் ஸ்ப்லைன் (ஷாஃப்டோடு பொருந்தும் பல்) எண்ணிக்கையும் மாறும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் புதுப் பிளேட்டை கியர்பாக்ஸ் ஷாஃப்டில் நுழைத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது.

கேள்வி: கியர்பாக்ஸை இறக்கிய கையோடு வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: இறக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சிறிய காரின் கியர்பாக்ஸே 30 கிலோ அளவுக்கு இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். மவுண்டைக் கழற்றினால் எஞ்சினுக்கும் தனியாக முட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பிளேட் எண்ணெயில் நனைந்திருந்தால் மோந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், அதாவது இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. அந்த நெடி இல்லாத கறுப்பு எண்ணெய் என்றால் பெரும்பாலும் கிராங்கின் பின் சீல். சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் நனைந்து வழுக்கும். ஃப்ளைவீலில் நீலத் திட்டு, விரிசல், நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் முகத்தைக் கடைய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இரட்டை நிறை ஃப்ளைவீலை (நடுவில் ஸ்பிரிங்கோடு இரண்டு பகுதியாக இருப்பது) கடையாதீர்கள், ஆட்டம் அளவு மீறினால் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: எல்லாம் புதிது. ஆனாலும் மாட்டியபின் ரிவர்ஸ் கியர் கறகறவென்று உரசுகிறது. பார்ட்ஸ் போலியா?

பதில்: போலி என்று முடிவுகட்டுவதற்கு முன் பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். கியர் விழுந்தால் ஹைட்ராலிக் லைனில் காற்று இருக்கிறது, மறுபடி பிளீடிங் செய்யுங்கள், அதாவது காற்றை வெளியேற்றுங்கள். அப்படியும் விழாவிட்டால் தவறு பெரும்பாலும் மாட்டியதில்தான்.

முதல் சந்தேகம், பிளேட் திரும்பியிருப்பது. எந்தப் பக்கம் எங்கே வர வேண்டும் என்று பிளேட்டிலேயே அடித்திருக்கும். இல்லாவிட்டால், ஸ்பிரிங் புடைத்த பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸை நோக்கி வரும்.

அடுத்தது, அதிகம் பேர் செய்வது: ஏற்றும்போது கியர்பாக்ஸின் பாரத்தை ஷாஃப்டில் தொங்கவிடுவது. ஒரு நிமிடம் தொங்கினாலும் பிளேட்டின் நடு ஹப் வளைந்துவிடும். வளைந்த பிளேட் பெடலை முழுக்க மிதித்தாலும் ஃப்ளைவீலை விட்டு விலகாது. சென்டரிங் கருவியால் பிளேட்டை நடுவில் நிறுத்தியிருந்தால் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸில் கிளட்சை மூடும் கூடு) கைத்தள்ளலிலேயே போய் உட்காரும். கடைசி ஒரு சென்டிமீட்டர் அடம்பிடித்தால் கியரில் போட்டு அவுட்புட்டை லேசாகத் திருப்புங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்து மூடுவதுதான் செய்யவே கூடாத காரியம்.

பிரஷர் பிளேட் போல்ட்டுகளையும் எதிரெதிராக, அரைச்சுற்று அரைச்சுற்றாக இறுக்கியபின்தான் டார்க் ரெஞ்சைப் போட வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கினால் கவர் கோணிக்கொள்ளும்.

கியர் விழுகிறது, ஆனால் வண்டி கிளம்பும்போது அதிர்கிறது என்றால் கிரீஸைச் சந்தேகியுங்கள். ஸ்ப்லைனுக்குப் பட்டாணி அளவு போதும். பிளேட்டை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். மிஞ்சினால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் போய் ஒட்டும். புதுப் பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசியிருக்கும் எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஹைட்ராலிக் கிளட்சுக்குத் தனி ஆயில் உண்டா?

பதில்: பெரும்பாலான கார்களில் பிரேக் ஆயில்தான், டாட் 3 அல்லது டாட் 4. சிலிகோனால் ஆன டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. மினரல் ஆயில் கேட்கும் மாடல்களும் உண்டு, அவற்றில் பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊதிப் பழுதாகிவிடும். காரிலுள்ள ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.